பாதிச் சேலை

ஆரணியில் தறி போடும் நண்பர் நாவலைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னா தோழர், கேள்வியக் கெளப்பிட்டு அப்டியே வுட்டுட்டாரு? பாதிச் சேலைய அறுத்துக் குடுத்தா முதலாளி கூலி தருவானா?" ராக்கண் முழித்துப் படிக்கிறவர். கோபம் நியாயம்தான்.

பதில் சொன்ன நாவலும் உண்டு. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதை எழுதிய இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்', பண்ணையாரின் ஆண்மைக் குறையில் காரணம் தேடியது. கூலி நெல்லும் சாதியும் எங்கே போச்சு? இந்தப் பதிலுக்குச் சும்மா விட்டிருக்கலாம். பதில் உயர் நீதிமன்றமும்தான் சொன்னது, 1973-இல்: காரும் நிலமும் உள்ளவர்கள் நடந்துபோயா நெருப்பு வைப்பார்கள்? எல்லாரும் விடுதலை.

குருதிப்புனலையும் நண்பரிடம் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வரட்டும்.