தட்டுக்குப் பத்து ரூபாய்

சாப்பிட்ட தட்டைக் கழுவினால் பத்து ரூபாய் என்று மகனிடம் சொன்னேன். ஒரு வாரம் கழுவினான். அடுத்த வாரம், "இருபது குடும்மா" என்றான்.

1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதை முன்பே சொன்னது: பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரைவது குறைந்தது. பரிசுக்காகச் செய்வது, பரிசு நின்றதும் குறைந்துவிடக்கூடும்.

என் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. "எல்லார் தட்டையும் நான்தானே கழுவுறேன், எனக்கு எவ்வளவும்மா?" என்றாள் மகள்.

அவளுக்குக் கடமை, அவனுக்கு உதவி. அந்தப் பாடத்தை விலைபோட்டுக் கற்பித்தவள் நானேதான்.

காசை நிறுத்தினேன். அவன் தட்டு இரண்டு நாள் சிங்க்கிலேயே காய்ந்து கிடந்தது. மூன்றாம் நாளும் நான் தொடவில்லை. மகளையும் தொடவிடவில்லை.