காற்றறிந்து பூட்டு

முப்பந்தல் காற்றாலையின் அடிக்கதவு, குளச்சலில் ஐஸ் பிளான்ட்டின் குளிர் அறைக் கதவு, மணவாளக்குறிச்சி மணல் ஆலையின் மின் பேனல், மலையோர ரப்பர் பால் ஆலையின் ஸ்விட்ச் பெட்டி. நான்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்தான். ஆனால் ஒன்றுக்குப் பொருந்துகிற தாழ்ப்பாளை இன்னொன்றில் மாட்டினால் சில மழைக்காலம்கூடத் தாங்காமல் போகலாம். அங்கங்கே வீசும் காற்று வேறு என்பதே காரணம்.

வீட்டுப் பூட்டு திருடனுக்காக. தொழிற்சாலைக் கதவில் அந்தக் கவலை இரண்டாவது. பேனலுக்குள் அடிக்கடி நுழைபவை தண்ணீரும் தூசியும். அவற்றைத் தடுப்பது கதவோரம் ஓடும் ரப்பர் கேஸ்கட். அந்தக் கேஸ்கட்டைச் சுற்றிலும் ஒரே அளவாக அழுத்தி வைப்பதுதான் தாழ்ப்பாளின் முதல் வேலை. யார் திறக்கலாம், யார் கூடாது என்பது அதற்கு அடுத்த வேலை. இந்த இரண்டையும் தனித்தனியாக யோசித்தால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

பெட்டியின் காப்பை ஐ.பி. எண் சொல்லும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 54 என்றால் தூசி ஓரளவு நுழையலாம், ஆனால் கருவிகளைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை. எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் பாதகமில்லை. ஐ.பி. 65 என்றால் தூசி அறவே நுழையாது. குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும். இந்த எண் பெட்டி, கேஸ்கட், தாழ்ப்பாள் மூன்றையும் சேர்த்துச் சோதித்து வந்தது. பழைய பூட்டு கெட்டுப்போனதென்று கதவில் புதிதாகத் துளை போட்டு வேறொன்றை மாட்டினால், லேபிளில் இருக்கும் எண்ணுக்கு அப்புறம் பொருளில்லை.

கேஸ்கட் சரியாக அழுந்துகிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். செய்தித்தாளில் ஒரு விரல் அகலத்துக்கு நீளமான துண்டு கிழித்து, கேஸ்கட்டின் மேல் வைத்துக் கதவை மூடித் தாழிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பிடித்து இழுங்கள். கிழிந்தாலோ இறுக்கமாக வந்தாலோ நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் மழைத் தண்ணீருக்கும் வழி இருக்கிறது. கீல் பக்கம், தாழ்ப்பாள் பக்கம், நான்கு மூலை என்று எல்லா இடத்திலும் பாருங்கள். நடுவில் ஒரே தாழ்ப்பாள் உள்ள உயரமான கதவென்றால் பெரும்பாலும் மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் காகிதம் வழுக்கும். நடுவில் பிடித்திருக்க, தகடு இரு முனையிலும் லேசாக விலகி நிற்பதே காரணம். கைப்பிடியைத் திருப்பினால் நடுநாக்கோடு மேலும் கீழும் கம்பிகள் ஓடிப் பிடிக்கிற மூன்று முனைத் தாழ்ப்பாள் இதற்காக வந்ததுதான்.

சிறிய கதவுகளுக்குக் கால் சுற்றுத் தாழ்ப்பாள் போதும். 90 டிகிரி திருப்பினால் நாக்கு சட்டத்தின் பின்னால் போய் நிற்கும். அதை வாங்கும்போது ‘கிரிப்’ அளவு தெரிய வேண்டும். தாழ்ப்பாள் உட்காரும் பரப்பிலிருந்து நாக்கு பிடிக்கும் இடம் வரையுள்ள தூரம் அது. கேஸ்கட் சும்மா இருக்கும்போது அளந்தால் கணக்கு தப்பும். கதவை அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். அழுத்தும் வகைத் தாழ்ப்பாளில் முதல் 90 டிகிரியில் நாக்கு திரும்பும், அடுத்த 90 டிகிரியில் கதவை உள்ளே இழுக்கும். நாளாக ஆகக் கேஸ்கட் நசுங்கித் தளர்ந்தாலும் இந்த இழுப்பு கொஞ்சம் ஈடுகட்டும். அதிர்வுள்ள இடத்திலும் இதுவே நல்லது. இழுத்துப் பிடித்த நாக்கு தானாகத் திரும்பிக் கழலுவது குறைவு.

இனி ஊர் ஊராகப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழி இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு பாய்கிறது. 1980களில் காற்றாலைகள் முப்பந்தலைத் தேடி வந்தது அதனால்தான். அங்கே கதவுக்கும் அதே காற்றுதான். வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 240 நியூட்டன் விசையோடு அழுத்தும். 90 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரமுள்ள கதவுக்கு அது 430 நியூட்டனைத் தாண்டுகிறது. ஒரு சிமென்ட் மூட்டையின் எடைக்குச் சற்றே குறைவு. எனவே மூடிப் பிடிக்கும் தாழ்ப்பாளைப் போலவே, திறந்த கதவை நிறுத்திப் பிடிக்கும் கொக்கியும் அங்கே கட்டாயம். அது இல்லாவிட்டால் வேலை செய்பவரின் விரலுக்கு ஆபத்து. உள்ளே ஆள் இருக்கும்போது சாவி இல்லாமலே உள்பக்கமிருந்து திறக்கவும் வேண்டும். ஐஸ் பிளான்ட்டின் குளிர் அறைக்கும் இதே விதிதான்.

குளச்சல், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் போன்ற துறைமுகங்களில் எதிரி உப்பு. துத்தநாக வார்ப்பின் மேல் குரோம் பூசிய தாழ்ப்பாள் கடையில் பளபளக்கும். கடற்கரையில் பூச்சு ஒரு இடத்தில் விட்டாலும் போதும், உள்ளே வெள்ளைப் பொடியாக அரிக்கத் தொடங்கிவிடும். ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே’ என்று 304 ரகத்தை மாட்டினாலும் சிறு சிறு குழிகளாகத் துரு பிடிக்கும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை அதைவிட நன்றாகத் தாங்கும். கடைக்காரர் ‘சால்ட் ஸ்பிரே’ மணிக்கணக்கைக் காட்டுவார். 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீரைத் தெளித்து வைக்கிற சோதனை அது. இரண்டு பொருளை ஒப்பிட உதவும். இத்தனை மணி நேரம் தாங்கியது, எனவே இத்தனை வருஷம் உழைக்கும் என்று கணக்குப் போட முடியாது.

மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இல்மனைட், சிர்கான், கார்னெட், மோனசைட் முதலியவற்றைக் கடல் மணலிலிருந்து பிரிக்கிறது. சிர்கான், கார்னெட் மாதிரியான துகள்கள் எஃகையே தேய்க்கக்கூடியவை. இப்படிப்பட்ட மணல் பறக்கும் இடத்தில், சின்னச் சின்ன ஊசிகளும் ஸ்பிரிங்குகளும் உள்ள சாவிப் பூட்டு சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். இரட்டைப் பல் சாவியோ சதுரச் சாவியோ போட்டுத் திருப்பும் எளிய தாழ்ப்பாள், அதற்கு ஒரு மூடி என்பதே பொருத்தம். எண்ணெய் விட்டால் மணல் அதில் ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் பொடி நல்லதுதான். ஆனால் உப்பு ஈரத்தில் துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் அரிக்கத் தூண்டும். கடலோரத்தில் டெஃப்லான் உலர் ஸ்பிரேதான் வசதி.

பித்தளையென்றால் நம் ஊரில் தனி மதிப்பு. விளக்கானாலும் குடமானாலும் பித்தளை என்றால் நம்பிக்கை. ஆனால் ரப்பர் பால் கெடாமலிருக்க அம்மோனியா சேர்க்கும் ஆலையிலும், அம்மோனியாவில் ஓடும் ஐஸ் பிளான்ட்டிலும் பித்தளைப் பூட்டு கூடவே கூடாது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும், உறையை உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் விளக்கம் கிடைத்தது. வெளியே பளபளவென்றிருக்கும் பூட்டு ஒருநாள் திடீரென்று பிளப்பதும் இதே வழியில்தான்.

கடைசியில் ஆட்கள். 3 மி.மீ. இரட்டைப் பல் சாவி எலக்ட்ரீஷியன் எல்லோரிடமும் இருக்கும். அதனால் அது வெளியாள் கையை மட்டும்தான் தடுக்கும். உள்ளே ஒருவர் வேலை செய்யும்போது இன்னொருவர் கரண்டைப் போட்டுவிடாமலிருக்க, மெயின் ஸ்விட்சில் பேட்லாக் மாட்டத் துளை வேண்டும்; வேலை செய்பவரே பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். ஸ்விட்ச் ‘ஆன்’ நிலையில் கதவே திறக்காத அமைப்பு இன்னும் நல்லது.

ஆகவே ஆர்டரில் ‘லாக் – 1 செட்’ என்று மட்டும் எழுதினால் கடையில் கையில் கிடைப்பதுதான் வரும். உலோகத்தின் ரகம், எத்தனை முனை, கிரிப் அளவு, சாவியின் வகை, கேஸ்கட்டின் பொருள் என்று ஐந்தையும் எழுதுங்கள். அதையே ஒரு லேபிளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால், பத்து வருஷம் கழித்து மாற்ற வருகிறவருக்கு ஊகிக்க எதுவும் இருக்காது.