கைவினையின் விலை: ஈகையா, கடனா?

ஒரு பொருளைச் செய்தவர் அந்தத் தொழிலைக் கொண்டே மானத்தோடு பிழைக்கப் போதுமான விலையை, அவரோடு பேசி முடிவு செய்து கொடுப்பதே நியாய வணிகம். கைவினைத் துறையில் இந்த ஏற்பாட்டை நம்பி நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; அதிலும் நிலமோ மாதச் சம்பளமோ இல்லாத வீடுகளின் பெண்கள். சந்தையில் கிடைக்கும் விலைக்கு மேல் அவர்களுக்குக் கொடுக்கப்படும் கூடுதல் பணத்துக்கு என்ன பெயர் வைப்பது? வாங்குபவரின் இரக்கத்தால் வந்தது என்றால் அது ஈகை. முதலிலிருந்தே செய்தவருக்குச் சேர வேண்டியது என்றால் அது கடன். திருப்பித் தர வேண்டிய பணத்தையும் செய்தே தீர வேண்டிய கடமையையும் தமிழ் ‘கடன்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. கைவினைப் பெண்களின் வறுமையைப் பற்றிய அறக்கேள்வி இந்தச் சொல்லைச் சுற்றித்தான் நிற்கிறது.

இந்தக் கேள்வியை நேரில் பார்க்க ஏற்ற வட்டாரங்களில் ஒன்று பாகாலா. காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் பாதையில், தர்மாவரம் கிளை பிரியும் ரயில் சந்திப்பு அது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. தெலுங்கும் தமிழும் இன்றும் இங்கே கலந்து புழங்குகின்றன. மாவும் வேர்க்கடலையும் கரும்பும் விளையும் வறண்ட மண். சித்தூர் வெல்லத்துக்குத் தனிப் பெயர் உண்டு. நிலமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு இந்த விளைச்சல் எல்லாம் பருவக் கூலியாகத்தான் வந்து சேரும். மழை பொய்த்தால் அதுவும் நின்றுபோகும். அதே இருப்புப்பாதையில் திருப்பதியையும் ரேணிகுண்டாவையும் தாண்டினால் ஸ்ரீகாளஹஸ்தி. தமிழ்ப் பக்தி மரபு திருக்காளத்தி என்று பாடிய ஊர். எழுதுகோலால் துணியில் வரையும் கலம்காரியின் தாயகம்.

கலம்காரி எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதன் விலையைப் பற்றிப் பேச முடியாது. கோரா துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சாயம் பரவாமல் நிற்பதற்கு அந்தப் பால் வேண்டும். புளியங்குச்சியைக் கரியாக்கி அதனால் உருவத்தின் கோட்டை இழுப்பார்கள். பிறகு மூங்கில் குச்சியின் நுனியில் கம்பளி இழையைச் சுற்றிச் செய்த கலத்தால் கருப்புக் கோடு. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்தால்தான் அந்தக் கருப்பு கிடைக்கும். சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகார நீர் தடவி, துணியை ஓடும் நீரில் அலசி, வேர்ச் சாயத்தில் கொதிக்கவைப்பார்கள். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் தனித்தனிச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே அலசல், காயவைத்தல், காத்திருத்தல். ஒரு துணி முடிய நாட்கள் ஆகும். பெரிய திரை என்றால் மாதங்களும் ஆகும். இந்த வேலைகளில் கோடு வரைந்த கைக்குக் கலைஞர் என்ற பெயர் கிடைத்தது. துணியை ஊறவைத்ததும், நிறம் நிரப்பியதும், அலசியதும் நெடுங்காலமாக வீட்டுப் பெண்களின் கையுதவி என்ற கணக்கிலேயே போயின.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் கலை அழியும் நிலைக்கு வந்தது. அகில இந்தியக் கைவினை வாரியத்தை வழிநடத்திய கமலாதேவி சட்டோபாத்யாய் எடுத்த முயற்சியால் 1950களின் பிற்பகுதியில் ஸ்ரீகாளஹஸ்தியில் ஒரு பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. மூத்த கலைஞர் ஜொன்னலகட்டா லட்சுமய்யா அங்கே கற்பித்தார். அவர் மகன் குரப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கலை பிழைத்துக்கொண்டது. அதில் உழைத்த பெண்களின் வருமானம் கூடவே உயர்ந்துவிடவில்லை. அதற்கு வேறொரு முயற்சி தேவைப்பட்டது. பெங்களூரைச் சேர்ந்த சமூகச் செயற்பாட்டாளர் அனிதா ரெட்டி தொடங்கிய ‘துவாரகா’ அமைப்பு ஸ்ரீகாளஹஸ்தி வட்டாரப் பெண்களுக்குக் கலம் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, அவர்கள் செய்ததை நகரச் சந்தைக்குக் கொண்டுசென்றது. கையுதவியாக இருந்தவர்கள் தங்கள் வேலைக்குத் தாங்களே விலை சொல்லும் நிலைக்கு வந்தார்கள் என்பதே இதில் முக்கியம். அனிதா ரெட்டி 2011இல் பத்மஸ்ரீ பெற்றார்.

உலக அளவில் இந்த இயக்கம் சமயப் பற்றிலிருந்து பிறந்தது. 1946இல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்க மெனோனைட் கிறிஸ்தவப் பெண், போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்கள் செய்த பூவேலைத் துணிகளை வாங்கித் தன் ஊரில் விற்கத் தொடங்கினார். பின்னாளில் ‘டென் தவுசண்ட் வில்லேஜஸ்’ என்ற பெயரில் வளர்ந்தது அந்த முயற்சிதான். 1989இல் உருவான உலக நியாய வணிக அமைப்பு பத்து நெறிகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று கைவினைக்கு மிகவும் பொருந்துவது: செய்பவர் கேட்டால், விலையில் பாதியையாவது வட்டியில்லாமல் முன்பணமாகத் தர வேண்டும். கடுக்காயும் சாயவேரும் துணியும் வாங்கக் கந்துவட்டிக்காரரிடம் போகும் பெண்ணுக்கு இந்த ஒரு நெறியே பாதி விடுதலை.

இனி அறநூல்களின் பக்கம். திருவள்ளுவர் வாணிகத்தைப் பற்றிச் சொல்லும் குறள் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது பயன் தரும். அது ஈகை அதிகாரத்தில் இல்லை. நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளாக நிற்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணிச் செய்வதே வாணிகம் என்பது அதன் கருத்து. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நடப்பது நீதியைச் சேர்ந்தது, கொடையைச் சேர்ந்ததல்ல என்ற தீர்ப்பு அந்த வைப்புமுறையிலேயே அடங்கியிருக்கிறது. பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது, கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாதவர்கள் என்றே புகழ்கிறது. வள்ளல்கள் என்று அல்ல. இரந்து வாழ வேண்டிய நிலை உலகில் இருக்குமானால் உலகைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று சினந்த அதே வள்ளுவருக்கு, உழைத்தவரை இரப்பவராக்கும் விலை எப்படித் தோன்றியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கன்னட நாட்டு வீரசைவ அடியார்கள் இதை இன்னும் நெருங்கி வந்து சொன்னார்கள். காயகம் என்ற அவர்களுடைய கோட்பாட்டில் உழைப்பே வழிபாடு. சிந்திய அரிசியைப் பொறுக்குவதைத் தொழிலாகக் கொண்ட மாரய்யா ஒருநாள் தேவைக்கு மேல் கொண்டுவந்தபோது, மிச்சத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு வரச் சொன்னவர் அவர் மனைவி லக்கம்மா. அந்த ஏழைப் பெண் தன் உழைப்புக்குரியது எது, உரியதல்லாதது எது என்று கோடு கிழித்தாள். அந்தக் கோடு இரு பக்கமும் செல்லும்: உரியதற்கு மேல் எடுக்காதவளுக்கு உரியதைக் குறைக்கவும் கூடாது.

யூத அறிஞர் மைமோனிடஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்து, ஒருவர் மறுபடி கையேந்தாதபடி தொழில் ஏற்படுத்திக் கொடுப்பதை உச்சிப் படியில் வைத்தார். இந்தப் பார்வையில் நியாய வணிகம் ஈகையின் சிறந்த வடிவம். கத்தோலிக்க மரபு இன்னொரு வாதத்தைச் சேர்த்தது. 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடல், தொழிலாளி ஒப்புக்கொண்டார் என்பதால் மட்டுமே கூலி நியாயமாகிவிடாது என்றது. வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டவர் வன்முறைக்கு ஆளானவரே என்றது. கைவினைச் சந்தையில் அடிக்கடி கேட்கும் சமாதானத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. ‘அவளே அந்த விலைக்குக் கொடுத்தாள்’ என்பது வணிகரின் வாதம். பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட நாளையே கடைசி நாள் என்றால், எந்தத் தாயும் எந்த விலைக்கும் கொடுப்பாள்.

இந்தச் சிந்தனையை வாங்குபவரின் கைவரை கொண்டுவந்தவர் ஒரு தமிழர். 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா கணக்காயராகப் பயின்றவர். காந்தியோடு சேர்ந்து 1934இல் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டியவர். ஒரு காசு பெறுமான கோகோவை அவர் எடுத்துக்காட்டாக்கினார். அது மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டாய உழைப்பால் விளைந்து, போர்க்கப்பல்கள் காவல் காக்கும் கடல்வழியில் வந்து, குறைந்த கூலித் தொழிலாளரால் பக்குவம் செய்யப்பட்டிருந்தால், அதை வாங்கும் அடுப்பங்கரைப் பெண் அத்தனை வன்முறைக்கும் பங்காளி என்றார். கணக்காயர் ஒருவருக்குத்தான் இது தோன்றும். பணம் கைமாறியதும் கணக்கு முடிந்துவிட்டது என்று சந்தை சொல்கிறது. பொருளோடு அதன் பின்கதையும் வாங்கியவரின் பேரேட்டில் ஏறுகிறது என்று குமரப்பா சொன்னார். இந்தப் பார்வையில் நியாயமான விலை கொடுப்பவர் நன்மை எதையும் செய்யவில்லை. ஒரு தீமையில் பங்கெடுக்காமல் இருக்கிறார், அவ்வளவுதான். வள்ளுவர் வாணிகத்தை வைத்த இடத்துக்கு இது மிக அருகில் வருகிறது. மைமோனிடஸின் உச்சிப் படியைவிட இதுவே உறுதியான தரை.

கடன் என்ற சொல் இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு வேறு வழியிலும் பழக்கமானது. 1982இல் நடுவணரசு தொடங்கிய மகளிர் திட்டத்தின் பெயரால் ‘டுவாக்ரா’ என்று அழைக்கப்படும் சுயஉதவிக் குழுக்கள் ஆந்திராவில் ஊருக்கு ஊர் பரவின. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் எழுந்த சாராய எதிர்ப்புப் போராட்டத்துக்குப் பின் அவை வேகமாக வளர்ந்தன. சேமிப்பும் வங்கிக் கடனும் பல வீடுகளைத் தூக்கி நிறுத்தின. கூடவே நுழைந்த தனியார் நுண்கடன் நிறுவனங்களின் வசூல் முறை கடும் துயரத்தில் முடிந்ததால், 2010 அக்டோபரில் ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. வறுமைக்கு மருந்து கடன் கொடுப்பதுதான் என்ற கருத்து ஏழைப் பெண்ணைக் கடனாளியாக்குகிறது. நியாய வணிகத்தின் கருத்து கணக்கைத் திருப்பிப் போடுகிறது: கடன்பட்டிருப்பவர் வாங்குபவர். வறுமையிலிருந்து மீளும் பெண் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வாள் என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

நியாய விலை எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது? சந்தையைக் கேட்டால், திரை அச்சில் நிமிடங்களில் முடிந்து ‘கலம்காரி’ என்ற பெயரிலேயே விற்கப்படும் துணியின் விலையைக் காட்டும். அந்தத் துணியை அளவுகோலாக வைத்தால் கையால் வரைபவள் என்றைக்கும் தோற்பாள். உலக வங்கி 2025இல் கடும் வறுமையின் கோட்டை ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று டாலர் என்று திருத்தியது. அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே ஒரு குடும்பத்தை நிறுத்துவது நியாயத்தின் எல்லை ஆகாது. காந்தி 1935இல் நூற்பவர்களுக்காக இதே கேள்வியை எழுப்பினார். எட்டு மணி நேர நூற்புக்கு எட்டணா கூலி வேண்டும் என்று அவர் கேட்டபோது, கதர் விலை ஏறும், விற்பனை குறையும், பலர் வேலை இழப்பார்கள் என்று கதர் ஊழியர்களே அஞ்சினார்கள். கூலி உயர்ந்தது, எட்டணாவை எட்டவில்லை. சிலருக்கு முழுக் கூலியா, பலருக்கு அரைக் கூலியா என்ற அந்தச் சிக்கல் தீரவில்லை. இன்றும் ஒவ்வொரு கைவினைக் கூட்டுறவும் அதன் முன்னால் நிற்கிறது. ஆனாலும் பிழைப்புக்குப் போதாத கூலியில் பலரை வைத்திருப்பதை வேலை கொடுப்பது என்று அழைப்பது பிழை என்பதில் காந்தி விட்டுக்கொடுக்கவில்லை. அது சரியான பிடிவாதம்.

விற்கும் முறையிலும் ஒரு ஆபத்து உண்டு. பொருளோடு செய்தவளின் படத்தையும் அவள் பட்ட துன்பத்தின் கதையையும் கட்டி விற்கும் வழக்கம் பரவியிருக்கிறது. செய்தவரின் பெயரைச் சொல்வது மரியாதை. அவளுடைய பசியைச் சொல்லி விற்றாலோ, வாங்குபவர் துணிக்குத் தருவது குறைந்து இரக்கத்துக்குத் தருவது கூடுகிறது. விலை மறுபடியும் ஈகையாகிவிடுகிறது. இரக்கம் சலித்த நாளில் வாங்குவதும் நின்றுவிடும். தங்க நகைக் கடையில் செய்கூலியையும் சேதாரத்தையும் கேட்டதும் கொடுக்கும் மக்கள் தட்டாரின் துன்பக்கதையைக் கேட்பதில்லை. அங்கே செய்கூலி விலையின் ஒரு பகுதி என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று. கைத்துணிக்கும் அதே ஒப்புதல் கிடைப்பதே இந்த இயக்கம் கேட்கும் மாற்றம்.

காளத்தியின் தலபுராணத்தில் சிலந்தியும் நாகமும் யானையும் சிவனை வழிபட்டு முத்தி பெறுகின்றன. ஊரின் பெயரே அந்த மூன்றிலிருந்து வந்தது என்பார்கள். யானை நீர் கொண்டுவந்தது, நாகம் மணி கொண்டுவந்தது. சிலந்திக்குக் கொண்டுவர எதுவும் இல்லை. தன் உடம்பிலிருந்து இழை எடுத்து இறைவனுக்குப் பந்தல் நெய்தது. கையிலுள்ள திறமையைத் தவிர வேறு உடைமை இல்லாதவரின் படைப்பை மணிக்குச் சமமாக வைத்த கதை அது.

அந்த ஊரில் துணியை அலச வேண்டியது ஓடும் நீரில். நின்ற நீரில் அலசினால் படிகாரமும் சாயமும் வேண்டாத இடத்தில் ஒட்டித் துணி கெட்டுவிடும். சுவர்ணமுகி ஆற்றில் ஆண்டின் பல மாதங்கள் நீர் ஓடுவதில்லை. அந்த மாதங்களில் நனைந்த துணி மூட்டையைச் சுமந்துகொண்டு நீர் இருக்கும் இடம் தேடிப் போக வேண்டியிருக்கிறது. கலம் பிடித்த நேரத்துக்குக் கூலி போட்ட கணக்கில்கூட இந்த நடையும் இந்தச் சுமையும் பெரும்பாலும் ஏறுவதில்லை.