இரத்தம் வேறா?



"சாமி, எல்லோரும் ஆதாமின் பிள்ளைகள்தான், ஆனாலும் இரத்தம் வேறே அல்லவா?" கலியாண ஓலை பேச வருகிறவர்கள் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. தவறாமல் பூசை காண்கிற நல்லவர்களே கேட்கிறார்கள். ஆகையால் யோசித்துப் பார்ப்போம்.

மதுரை மாவட்டத்தில் ஜோதிமாணிக்கம் என்றொரு சிற்றூர். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் அப்பகுதி மக்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, அவ்வூர்க்காரர் ஒருவரிடம் எம்130 என்னும் மிகப் பழைய அடையாளம் காணப்பட்டது. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் அடையாளம் அது. (தாய்மாரின் சரித்திரத்தை அது சொல்லாது.) ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் அதன் கிளை உண்டு. ஆப்பிரிக்காவினின்று புறப்பட்ட நம் முன்னோர், ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கடற்கரையோரமாய் நடந்து போனதற்கு இதைச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். உடனே "நாங்களே ஆதிக்குடி" என்று மார்தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முந்தி வந்தவனும் வந்தவன்தானே!

எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் மரபணு எழுத்தில் 1,000-க்கு ஏறத்தாழ 999 ஒன்றே. மீதி வேற்றுமையிலும் 100-க்குச் சுமார் 85 பங்கு ஒரே கூட்டத்தாருக்குள்ளேயே இருப்பதாக லெவோன்டின் என்பவர் 1972-ல் கணக்கிட்டார்.

இருந்தாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. ஐதராபாத், ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் 2013-ல் வெளியிட்டபடி, 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கள் தாராளமாய்க் கலந்தார்கள். பிறகு கதவு சாத்தப்பட்டது. சாத்தியதும் இரத்தத்தில் பதிந்திருக்கிறது. சில கூட்டங்களில் பரம்பரை நோய்கள் மிகுந்திருப்பது அதனாலேதான். ஆக, வேற்றுமை என்று நாம் காட்டுவதில் ஒரு பகுதி, நாமே உண்டாக்கியது.

மனித சரீரத்தின் தொடக்கத்தை ஆராய்வதைத் திருச்சபை தடுக்கவில்லை. ஆத்துமத்தைச் சர்வேசுரனே நேரே படைக்கிறார் என்பதை விடாமல் பற்றிக்கொள்ளும்படி 12-ம் பத்திநாதர் 1950-ல் போதித்தார்.

ஆராய்ச்சி நமக்கு அனுகூலமாயிருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு தயக்கமும் உண்டு. விஞ்ஞானி ஒன்றென்று சொன்னதால் அயலானைச் சகோதரன் என்கிறோமானால், நாளை அவர் வேறென்று சொன்னால் கைவிட்டுவிடுவோமா? தத்துப்பிள்ளையை எடுக்கிற தாய் இரத்தம் சோதித்தா எடுக்கிறாள்? ஞானஸ்நானத் தொட்டியில் பிறந்த உறவுக்கு எந்தச் சோதனைச்சாலைச் சீட்டு வேண்டும்?

ஆனாலும் சம்பந்தம் பேசும்போது மட்டும் அந்தத் தொட்டி நமக்கு மறந்துபோகிறது. ஏன் என்று எனக்குச் சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம். ஞாயிறு பூசைக்குப்பின் அறைவீட்டில் இருப்பேன்.