கலந்த பின் எஞ்சுவது

சிறியதொன்று பெரியதொன்றோடு சேருமிடத்து அதன் தன்மை நிலைபெறுமா, மாய்ந்தொழியுமா என்னும் வினா, ஆன்ம விசாரம் செய்வார்க்கு மட்டுமே உரியதன்று. பினாங்குவாசிகளாகிய நமக்கு அது சரித்திரமும் ஆகும். 1948 பெப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசில் இத்தீவு சேர்க்கப்பட்டபோது, சுங்கவரியற்ற துறைமுகமாய்ச் செழித்த ஜார்ஜ் டவுன் தன் ஜீவநாடி அறுந்துபோமோ என்று அஞ்சிற்று. வர்த்தகப் பிரமுகர்கள் பிரிந்துபோகக் கோரிய தீர்மானம் 1949இல் இங்குள்ள சபையிலே தோல்வியுற்றது. அவ்வச்சம் முற்றிலும் வீணன்று, 1969இல் அத்துறைமுகச் சலுகை பறிபோயிற்று. எனினும், குயின் வீதி மாரியம்மன் கோயிலும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அருகருகே வழிபாடு நடத்தும் இவ்வூர், இன்றும் தன் முகத்தோடுதான் இருக்கிறது.

2025 அக்டோபர் 26ஆம் நாள் கோலாலம்பூரில் கிழக்குத் திமோர் ஆசியானின் பதினோராவது உறுப்பு நாடாக ஏற்கப்பட்ட செய்தி, அவ்வினாவை மீண்டும் என் சிந்தையில் எழுப்பிற்று. 1975இல் இந்தோனேசியப் படை புகுந்து, மறு ஆண்டு தன் மாகாணமென்று அறிவித்த தேசம் அது. 1999 வாக்கெடுப்பில் ஐவரில் ஏறக்குறைய நால்வர் அப்பிணைப்பை மறுத்தனர். சுதந்திரம் 2002இல் வந்தது. அன்று அதனை விழுங்க முயன்ற இந்தோனேசியாவும், அனைவரும் ஒருமனப்பட்டாலன்றி எதுவும் முடிவாகாத ஆசியானில், இன்று அதற்குச் சம்மதம் தந்து சமமாய் உடனமர்கிறது. மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் முத்தியைப் பற்றிக் கூறுவதும் இதுவே: உயிர் இறைவனோடு பிரிவறக் கலக்கும், ஆனால் உயிர் என்னும் பொருள் இல்லாது போகாது, அனுபவிப்பவன் அழிந்தபின் ஆனந்தம் யாருக்கு? ஒன்று அழிய மற்றொன்று பெருப்பதை ஐக்கியமென்று கொள்ள என் மனம் ஒருப்படாது.

பக்குவம் வரட்டும், பிறகு பார்ப்போம் என்றே, 2011இல் விண்ணப்பித்த அந்த ஏழைத் தேசத்தை நெடுங்காலம் நிறுத்திவைத்தார்கள். பயிற்சி பெற்ற அதிகாரிகள் குறைவென்ற ஆட்சேபம் பொய்யன்று. ஆயினும், உயிரைப் பிணித்த மலமென்னும் அழுக்குப் பரிபாகமுறுவதற்குங்கூட இறைவனது சத்தி உயிருள் மறைந்து நின்று தொழிற்படவேண்டும் என்பதன்றோ சித்தாந்தம்! உயிர் தானே பழுத்து வரட்டுமென்று அருள் ஒதுங்கி நிற்பதில்லை. பதினோராண்டு வெளியே நின்று முடியாத காரியம், 2022இல் கொள்கையளவில் ஏற்று, கூட்டங்களில் அமரவிட்டு, செய்யவேண்டியவற்றை மறு ஆண்டில் வகுத்துக் கொடுத்த பின்னர், மூன்றாண்டுக்குள் நிறைவேறிற்றே.

இன்னும் வாயிலில் நிற்பாரும் உளர்: பாப்புவா நியூகினி 1976 முதல் ஆசியானில் பார்வையாளராகவே இருந்துவருகிறது. அதன் குறைகளை எண்ணிச் சொல்லுமுன், அவற்றைத் தீர்க்கத் தாங்கள் உடன்நின்று செய்தது என்னவென்று ஆசியான் தலைவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும்படி, மலேசியர்களாகிய நாம் வற்புறுத்தவேண்டும்.