துறந்தவர்களும் தொடர்ந்தவர்களும்

ஒருவரைத் தாராளவாதி என்றோ பழமைவாதி என்றோ சொல்லிவிட்டால் ஆளை அளந்துவிட்டதாக நினைப்பவர்கள் அதிகம். புதுச்சேரியின் பழைய அரசியலை அந்த அளவுகோலால் அளக்க முடியாது.

1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியரைப் போலக் காலுறையும் சப்பாத்தும் அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. வழக்கு பாரிஸ் வரை போய், அவர் பக்கம் தீர்ப்பானது. 1881 செப்டம்பரில் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. எந்தச் சாதிக்காரரும் எந்த மதத்தவரும் தம் வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வரலாம். ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதிக்கொடுத்தால் கொடுத்ததுதான், திரும்ப வழியில்லை. பொன்னுத்தம்பி 'லப்போர்த்' ஆனார். அவரைப் போன்றவர்கள் 'ரெனோன்சான்'கள் எனப்பட்டார்கள்.

எதிர்ப்பக்கம் நின்றவர் சண்முக வேலாயுத முதலியார். இந்தியருக்கு அவரவர் சாதி வழக்கப்படியே நீதி வழங்கப்படும் என்று 1819லேயே அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கைக் காப்பாற்று என்பதே அவர் கட்சி. ஆனால் பழமையைக் காக்க அவர் கையில் எடுத்த ஆயுதம் புத்தம் புதியது: பிரெஞ்சுக் குடியரசு தந்த வாக்குச்சீட்டு. 1880இல் வில்லியனூர், பாகூர் உட்படப் பத்துக் கொம்யூன்கள், அதாவது தேர்தலால் அமையும் உள்ளாட்சிகள், அமைந்தன. துறக்காதவர்களே பெரும்பான்மை. 1884இல் ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என்று வாக்காளர் பட்டியலே மூன்றாகப் பிரிந்தது. முதலியாரின் செல்வாக்கு நெடுங்காலம் அசையவில்லை. சாதிக் கட்டிலிருந்து வெளியேற வழி கேட்டவர்கள் எண்ணிக்கையில் தோற்றார்கள். ஜனநாயகம் வந்தாலே விடுதலை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஊரின் வரலாற்றைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆள வந்தவர்களும் ஒரே நிறத்தில் இல்லை. சமத்துவம் பேசிய குடியரசின் ஆளுநர் வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேருக்கு வந்து வடம் பிடித்தார். இன்று துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

துறந்தவர்கள் சேர்ந்த சட்டத்திலும் ஓட்டை இருந்தது. அது சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு தந்தது, பெரிய காரியம்தான். அதே சட்டம் மனைவியைக் கணவனின் அதிகாரத்துக்குக் கீழே வைத்தது. பிரான்சிலேயே மனைவியின் சட்டத் தகுதியின்மை 1938இல்தான் நீங்கியது; பெண்களுக்கு வாக்குரிமை 1944இல்தான் கிடைத்தது.

1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள்: இந்தியாவோடு சேர 170 பேர், எதிர்த்து 8 பேர். இணைப்புக்குப் பிறகு இந்து திருமணச் சட்டம் புதுச்சேரிக்கு வந்தபோது ரெனோன்சான்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. பொது சிவில் சட்டம் பற்றிய இன்றைய சண்டையில் ஒரு விசித்திரம். மரபே உயிர் என்பவர்களில் பலர் எல்லோருக்கும் ஒரே சட்டம் கேட்கிறார்கள். தனிமனித உரிமை பேசுபவர்களில் பலர் சமூகங்களின் தனிச்சட்டத்துக்கு அரணாக நிற்கிறார்கள்.

ஆகவே ஒரு சட்டமோ வழக்கமோ புதுசா பழசா என்று கேட்பதைவிட, அதற்குள் இருப்பவரால் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடிகிறதா என்று கேட்பதே நியாயம். பத்திரப் பதிவு அலுவலகங்களில் இதைக் கண்ணால் பார்க்கலாம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை கொடுத்தது. ஆனாலும் அக்கா தங்கைகள் வரிசையில் நின்று, தம் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள், பெருவிரல் ரேகையும் வைக்கிறார்கள். "சீரெல்லாம் செஞ்சாச்சே, இன்னும் என்னம்மா பங்கு?" என்ற பேச்சுக்கு அங்கே பதில் வருவதில்லை. மனமுவந்து போடுபவர்களும் உண்டு. ஆனால் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று பயந்து போட்டால் அதை மரபு என்று சொல்லிப் பாராட்ட முடியாது. தங்கை தன் பங்கைக் கேட்டு வாங்கிய பிறகும் பொங்கலுக்கு அண்ணன் வீட்டிலிருந்து வரிசை வர வேண்டும். அதற்குச் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவர முடியாது. அண்ணன்மார்தான் மாற வேண்டும்.