கல்லைக் கீழே போடு!

பொன்முடி அடிவாரத்துக் கல்லாற்றில் கல்லுக்கா பஞ்சம்? அவை ஆற்றிலேயே கிடக்கட்டும். உன் கையில் ஏன் ஒன்று?

யாருக்காக வைத்திருக்கிறாய்? குடித்துக் கெட்டவனுக்கா? ஜெயிலுக்குப் போய் வந்தவனுக்கா? பிழைக்க வந்த வெளியூர்க்காரனுக்கா?

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறாய். முழங்கால் தேயச் செபிக்கிறாய். அவன் பக்கத்தில் வந்தால் மட்டும் ஏன் நகர்ந்து உட்காருகிறாய்?

“அவன் செய்தது சின்னக் குற்றமா?” என்கிறாய். சரி, பெரிய குற்றத்தையே பார்ப்போம், வா!

அருட்சகோதரி ராணி மரியா. கேரளத்துப் புல்லுவழியில் பிறந்தவர். மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து மீட்கப் போராடியவர். கிடைத்தது என்ன? 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்துப் பயணத்தில் கத்திக்குத்து! உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். உயிர் பிரிந்தபோது வயது 41.

குத்தியவர் சமுந்தர் சிங். ஆயுள் தண்டனை.

2002இல் ராக்கித் திருநாளையொட்டி ஒரு கன்னியாஸ்திரி அவர் இருந்த சிறைக்குள் போனார். கன்னியாஸ்திரியின் கையில், சகோதரனுக்குக் கட்டும் ராக்கிக் கயிறு. யார் தெரியுமா? ராணி மரியாவின் கூடப் பிறந்த தங்கை, செல்மி பால்! அக்காவைக் குத்திய கையிலேயே கட்டினார்!

அந்த விரல்கள் நடுங்கியிருக்காதா? அந்த நெஞ்சு கொதித்திருக்காதா? ஏழு வருடம்! ஒரு ராத்திரியில் முளைத்த இரக்கமா அது?

அடுத்து, பெற்ற தாய் எலீஸ்வா. அவர் அந்தக் கைகளை முத்தமிட்டார். மகளின் ரத்தம் பட்ட கைகளை!

குடும்பமே விடுதலைக்குத் துணை நின்றது. 2006இல் சமுந்தர் வெளியே வந்தார். 2017 நவம்பர் 4 அன்று, இந்தூரில் ராணி மரியா அருளாளராக அறிவிக்கப்பட்ட விழாவில் சமுந்தரும் இருந்தார்.

குற்றத்தை மூடி மறைக்கச் சொல்லவில்லை. பதினோரு வருடம் சிறையில் கிடந்தார் அவர். சட்டம் தன் வேலையைச் செய்தது. நீ எப்போது உன் வேலையைச் செய்யப் போகிறாய்?

“அவர்களெல்லாம் புனிதப் பிறவிகள். நான் சாதாரண ஆள்.” இந்தச் சாக்கு இங்கே செல்லாது! எலீஸ்வா யார்? விவசாயக் குடும்பத்துத் தாய்!

உன்னைத் தடுப்பது நியாயமல்ல, பயம்! ஊர் என்ன பேசும் என்ற பயம். ஏமாந்துபோவோமோ என்ற பயம்.

ஏமாந்தால்தான் என்ன? முதல் தடவை அவனிடம் பேசப் போனால் வாய் வராது. பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாய். பரவாயில்லை, மறுநாள் மறுபடி போ!

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் கோயில் வாசலில் தனியாக நிற்பான். பெயர் சொல்லிக் கூப்பிடு! வீட்டுக்குக் கூட்டிப் போ! கப்பையும் மீன்குழம்பும் பரிமாறி, நீயும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடு!